உமையாளுக்கு, ஆத்தங்குடியிலிருந்து

ஆத்தங்குடி,
ஆகஸ்ட் 10

அன்புள்ள உமையாள்,

நான் பினாங்கில் இருக்கும்போதே உன் கடிதம் வீட்டுக்கு வந்திருக்கிறது. அம்மா அதைப் பிரிக்காமல் சாமி மாடத்தில் வைத்திருந்தார். ஊர் வந்த அன்றே படித்துவிட்டேன், பதில் எழுதத்தான் மூன்று வாரம் ஆகிவிட்டது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். கடைசிப் பத்தியில் உங்கள் கானாடுகாத்தான் வீட்டுச் சுவர் ஊறியிருப்பதைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் சொல்லவும் எனக்கு இந்த நீளம் வேண்டும்.

முதலில் பினாங்கு. ஆறு வாரப் படிப்பு. பழைய கட்டடங்களை அளப்பது, வரைவது, பழுது பார்ப்பது. எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் போனோம். கட்டணமும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு, விமானச் செலவு நம்முடையது. அம்மாவின் வளையல் பேங்கில் இருக்கிறது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமையும் தரைக்கல் பட்டறைக்குப் போகிறார். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு ஃபெர்ரி. படகின் மேல்தட்டில் நின்றபடி பினாங்குத் தீவின் நகரமான ஜார்ஜ் டவுன் நெருங்கி வருவதைப் பார்த்தபோது எனக்கு உங்கள் கொள்ளுத்தாத்தா நினைவுதான் வந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கப்பலில் வந்து இறங்கிய கதையை உங்கள் அப்பத்தா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஒரு கணக்கு, அதாவது ஒரு தவணை வேலை, முடிய மூன்று வருஷம். நான் ஆறு வாரத்துக்கு, தினமும் அம்மா முகத்தைப் போனில் பார்த்துக்கொண்டே போனேன். அப்படியும் முதல் வாரம் ராத்திரி தூக்கம் வரவில்லை.

மொத்தம் 14 பேர். இந்தோனேசியா, வியட்நாம், தாய்லாந்து, மலேசியா, நாங்கள் இருவர். எல்லோருடைய ஆங்கிலமும் ஏறக்குறைய என்னுடையதைப் போலத்தான் இருந்தது, அது பெரிய ஆறுதல். எங்கள் குழுவுக்கு ஆர்மேனியன் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய கடைவீட்டைக் கொடுத்தார்கள். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். நடுவில் திறந்த முற்றம், மழை நேரே உள்ளே விழும். வாசலுக்கு முன்னால் தூண்களோடு ஒரு நடைபாதை, அதை அங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்கிறார்கள். உள்ளே நுழைந்து அந்த முற்றத்தைப் பார்த்ததும் 'வளவு வாசல்' என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ஆறு வாரமும் எங்கள் குழுவில் எல்லோருக்கும் அது 'வளவு'தான்.

அளப்பதில் நான் பெரிய தப்பு செய்தேன். ஒவ்வொரு தூணுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தனித்தனியாக அளந்து கூட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு சென்டிமீட்டர், அரை சென்டிமீட்டர் பிசகு, கடைசிச் சுவருக்கு வரும்போது வீடு 9 சென்டிமீட்டர் நீண்டுவிட்டது. குழு முழுவதற்கும் இரண்டு நாள் வேலை வீண். யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நாடாவை ஒரே புள்ளியில் பிடித்துக்கொண்டு தொடர்ச்சியாக அளவு எடுக்க வேண்டும், ஒவ்வொரு அறைக்கும் மூலைவிட்டமும் எடுக்க வேண்டும். பழைய வீட்டில் எந்த அறையும் சரியான சதுரமாக இருக்காது, மூலைவிட்டம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். மூன்று வருஷம் கல்லூரியில் படித்தும் கையில் ஏறாத பாடம், அந்த இரண்டு நாளில் ஏறியது.

அப்புறம் தரை. அஞ்சடியில் பூப்போட்ட சிமென்ட் கற்கள் பதித்திருந்தார்கள். எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் இது மாதிரி செய்கிறோம் என்றேன். ஆசிரியர் நம்பாமல் இல்லை, எப்படி என்று கேட்டார். அங்கே பதினொரு மணி, இங்கே எட்டரை. அப்பாவுக்கு வீடியோவில் போன் போட்டேன். அவர் பட்டறையில்தான் இருந்தார். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக நிறக்கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்து, உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக்கலவை போட்டு மட்டம் பண்ணினார். 14 பேரும் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்குத் தெரிந்த சிமென்ட் கல் எந்திரத்தில் அழுத்திச் செய்வது. நம் பூக்கல்லை யாரும் அழுத்துவதில்லை, அதன் பளபளப்பு கண்ணாடி முகத்தோடு ஒட்டிக்கிடந்து வருவது. அதைச் சொன்னபோது ஆசிரியர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அப்பா இன்னும் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறார், உமையாள். 30 வருஷமாக இந்த வேலை செய்கிறார், இதுவரை ஒருவரும் அவர் சொல்வதை எழுதி வைத்ததில்லை.

ஊர் எப்படி என்று கேட்டிருந்தாய். ஊரைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் துக்கமும் சேர்ந்தே வந்தன. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது ஜார்ஜ் டவுன். அதனால் சுவர்கள் தப்பின. ஆனால் அதற்கு முன்பே பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-இல் ரத்து செய்து, 2000-இலிருந்து அது முழுவதும் விலகியிருக்கிறது. வாடகை ஏறியதும் தலைமுறை தலைமுறையாக மேலே குடியிருந்து கீழே கடை வைத்திருந்த குடும்பங்கள் போய்விட்டன. சில வீடுகளில் சூப்புக்கு விலைபோகும் பறவைக்கூடு எடுப்பதற்காகவே உழவாரன் குருவிகளைக் குடிவைத்தார்களாம், எச்சமும் ஈரமும் சேர்ந்து உத்தரத்தைத் தின்றுவிட்டன. இப்போது பல வீடுகள் காபிக் கடையும் தங்கும் விடுதியும். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் சாயங்காலம் ஒரு ஜன்னலிலும் துணி காயவில்லை.

நம் ஊரில் இதற்கு நேர் எதிர். சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், சொத்து கைமாறவில்லை, குடியிருக்கத்தான் ஆள் இல்லை. கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் திறந்து, மூன்றாம் நாள் பூட்டு. செட்டிநாட்டு ஊர்களும் 2014-லிருந்து யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாமல் ஒரு வீடு இடிந்தால் அந்தப் பட்டியல் வந்து தடுக்காது. அந்தத் தூண்களும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வந்து நிற்பதை நாம் ஸ்கூல் விட்டுப் போகும்போதே பார்த்திருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பினாங்கு ஸ்ட்ரீட் போனேன். நகரத்தார் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் வரிசையாக இருந்த தெரு அது. அங்கிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்கு. நகரத்தார் கோயில் 1857-இல் கட்டியது. தைப்பூசத்துக்கு வரும் வெள்ளி ரதம் 1894-இல் நம் காரைக்குடியில் செய்து கப்பலில் போனது. நான் போனது ஜூனில், ரதத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. கோயிலில் ஒரு வயதான அம்மா என்னைப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்று கேட்டார். உங்கள் ஆச்சி கேட்கிற அதே கேள்வி, அதே இழுப்பு. எந்த ஊர் என்றார். ஆத்தங்குடி என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

சரி, சுண்ணாம்புக்கு வருகிறேன். உனக்கு நான் எழுதியே ஆக வேண்டியது இதுதான்.

கடைசி இரண்டு வாரம் ஒரு வயதான சீனக் கொத்தனார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் அளந்த வீட்டில் பக்கச் சுவர் கீழே ஊறியிருந்தது. முன்பு யாரோ நல்லது என்று நினைத்து 4 அடி உயரத்துக்கு சிமென்ட் பூசியிருந்தார்கள். அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்க்கச் சொன்னார். சிமென்ட் இருந்த இடம் காய்ந்திருந்தது, அதற்கு மேலே 6 அடிவரை சில்லென்று ஈரம். மண்ணிலிருந்து செங்கல் வழியாகத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக் காரை அதை வெளியே விட்டுவிடும், சுவர் காய்ந்துகொள்ளும். சிமென்ட் அடைத்துவிடும். போக வழியில்லாத தண்ணீர் இன்னும் மேலே ஏறி, கொண்டுவந்த உப்பைக் காரைக்குப் பின்னால் விட்டுப்போகும். உப்பு பூத்துப் பூத்துக் காரையைத் தள்ளும், உதிரும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். நாங்கள் அந்த சிமென்ட்டைச் சின்ன உளியால் கொத்தி எடுத்தபோது பின்னால் இருந்த செங்கல் மாவாக வந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு மேல் நின்ற கல் அது.

அப்போதுதான் உங்கள் வளவுச் சுவரை நினைத்துப் பயந்தேன். மே மாத மத்தியானத்தில் நாம் இருவரும் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு நிற்போமே, கண்ணாடி மாதிரி, வெள்ளைக்கருச் சாந்து பூசிய சுவர். அதன் வடகிழக்கு மூலை ஊறியிருக்கிறது, ஐப்பசி மழைக்கு முன்னால் பெரியப்பச்சி சிமென்ட் பூச ஆள் சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். உன் அப்பச்சியிடம் இன்றைக்கே பேசு. முதலில் மேலே தாழ்வாரத்து ஓடும் தூம்பும் உடைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல், தண்ணீர் மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா என்பது தெரிய வேண்டும். மேலிருந்து என்றால் ஓட்டை மாற்றினாலே பாதி சரியாகிவிடும். அந்த மூலையில் சாத்திவைத்திருக்கும் பெட்டகத்தை நகர்த்திக் காற்று படவிடச் சொல்.

இன்னொன்று. என் கடைசி வருஷ ஆய்வுக்கு அந்த வீட்டை அளக்க அனுமதி வேண்டும். நான்கு பேர், பத்து நாள். தங்க இடம் வேண்டாம், நாங்கள் ஆத்தங்குடியிலிருந்து வந்துபோவோம். பங்காளிகள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று தெரியும். விற்கலாம் என்று அவர்களுக்குள் பேச்சு ஓடுவதும் தெரியும், அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் எந்த முடிவு எடுத்தாலும் அதற்கு முன்னால் வீடு முழுவதும் ஒரு தடவை அளந்து காகிதத்தில் இருக்கட்டும். வரைபடத்தில் ஒரு பிரதி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும், கொடுத்துவிடுகிறேன்.

சாவி இப்போது யாரிடம் இருக்கிறது? வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடமா, தேவகோட்டையிலா? எழுது, இல்லை, இதை மட்டும் போனில் சொல். புரட்டாசி பிறப்பதற்குள் ஒரு நாளாவது போய் அந்த மூலையில் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

அம்மா உன்னைக் கேட்டார். உனக்கென்று ஒரு பத்திக் துணி வாங்கி வந்திருக்கிறேன், நீலத்தில்.

அன்புடன்,
அபிராமி