சொக்குவுக்கு ஒரு சூடான கடிதம்

காரைக்குடி
சித்திரை வெயில், மதியம்

அன்புள்ள சொக்கு,

எட்டு மாதம் வாய் திறக்காதவன் எழுதினால் கடன் கேட்கத்தான் என்று நினைப்பாய். இல்லை, அது மெய்யப்பன் வேலை. இங்கே எல்லோரும் சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி; வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஒரு கல்யாண வீடியோ. விடிந்தால் கொடுக்க வேண்டும். வீடியோவைக் கோத்து முடிக்கிற ரெண்டர் வேலை 70 சதவீதத்தைத் தொட்டதும் மிஷின் பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே கதை. கரண்ட்டைத் திட்டினேன், சாஃப்ட்வேரைத் திட்டினேன். அப்புறம்தான் பார்த்தேன், பிராசஸர் 100 டிகிரி!

கழற்றினால் பிராசஸர் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி தூசி. அடியில் சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் வெற்றிலைச் சுண்ணாம்பாகக் காய்ந்து, நகம் பட்டதும் உதிர்ந்தது. துடைத்துப் புதிதாகத் தடவியும் 90க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டாங்கட்டில் ஜன்னல் இல்லாத அறை, உள்ளே 38 டிகிரி. ஃபேனுக்குச் சூட்டைத் தள்ளிவிடத்தான் தெரியும். தள்ளுகிற இடமே கொதித்தால்?

"மனுசனே அங்க கெடக்க முடியல. வளவுல தூக்கி வைடா" என்றார் ஆத்தா. வளவு என்ற நடுமுற்றத்தில் வைத்தேன். 8 டிகிரி குறைந்தது. இன்ஜினியர் நான்தான், சிரிக்காதே.

2004இல் நம் ஹாஸ்டலில் பிரஸ்காட் வகை பென்டியம் 4 கம்ப்யூட்டரின் பின்பக்கம் சாக்ஸ் காயப்போட்டோமே! அந்த வருஷ அக்டோபரில்தான் இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐக் கைவிட்டது. 3.8இலேயே 115 வாட், அதுவும் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர் சில்லில். அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்றாலும் அதன் தகடு எவ்வளவு அகலம்! அதுவரை டிரான்சிஸ்டர் என்ற குட்டி ஸ்விட்ச் சிறுக்கச் சிறுக்க வோல்டேஜும் குறைந்துகொண்டே வந்தது. பிறகு அதற்கு மேல் குறைக்க வழியில்லை. அணைத்த ஸ்விட்ச்சிலேயே கரண்ட் கசிந்தது. வேகத்துக்கு அங்கேயே முட்டுக்கட்டை. கணக்குப் போடும் மூளையான கோர் ஒன்று இரண்டாகி, நாலாகிப் பெருகியது அதனால்தான்.

செலவாகும் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது, வேகத்தோடும் ஏறுகிறது. இரண்டையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் கால் பங்குக்கு மேல் மிச்சம். நானும் வேகத்தைத் தானாக ஏற்றுகிற டர்போவை அணைத்தேன். ரெண்டர் அரைமணி கூடியது, மிஷின் அணையவில்லை. பெண் வீட்டாருக்கு ஒருநாள் தாமதம். நாதஸ்வரம் சரியாகக் கேட்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். பங்காளிகள் வீட்டைப் பிரித்து விற்கலாம் என்கிறார்கள். தேக்குத் தூணுக்கு விலை பேச ஆள் வந்துவிட்டுப் போனான். ஆத்தா அன்று முழுக்க வளவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உன் பங்காளிகள் தகராறில் நீ என்ன செய்தாய் என்று விவரமாக எழுது.

வரும்போது நல்ல பேஸ்ட் இரண்டு டியூப் வாங்கி வா. என் ஸ்க்ரூடிரைவர் செட்டும் உன்னிடம்தான் இருக்கிறது, தெரியுமல்லவா?

உன்,
பழனி