படகு வீட்டுக்கு இருட்டில் என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைச் சுற்றுலாப் பக்கத்தில் ஆலப்புழை படகு வீடுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கரிமீன் பொரித்ததிலிருந்து அறை வாடகை வரை ஒன்று விடாமல் எழுதிய கட்டுரையாளர், ஒரே ஒரு குறை சொல்லியிருந்தார். சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கிலேயே படகைக் கரையோரம் கட்டிப் போட்டுவிடுகிறார்களாம். நிலா வெளிச்சத்தில் ஏரியைச் சுற்றி வரும் அனுபவம் கிடைக்காமல் போய்விட்டதாம்.

அது குறை இல்லை, ஐயா. அந்தப் படகு வீடுகள் ஓடுகிற வேம்பநாட்டு ஏரியில் உள்ள உருப்படியான ஏற்பாடுகளில் அதுதான் முதலாவது. அதைக் குறையென்று அச்சடித்தால், அடுத்த வாரம் போகிற வாசகர் படகுக்காரரிடம் போய் அதைத்தான் பேரம் பேசுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

பொழுது சாய்ந்தபின் அந்த ஏரி மீன்பிடிக்கிறவர்களுடையது. நீளத்தில் இந்தியாவிலேயே பெரிய ஏரி, 96 கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் ஆழம் அதிகமில்லை. பல இடங்களில் மூங்கில் கழி ஊன்றினால் தரை தட்டும். அந்தத் தண்ணீரில் சின்னச் சின்ன வள்ளங்களில் ஓரிருவராக வந்து வலை விடுகிறார்கள். வள்ளத்தின் விளிம்பு தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரம் இருந்தால் அதிகம். அதில் குனிந்து வலை இழுத்துக்கொண்டிருப்பவரை, ஆகாயத்தாமரை மிதக்கிற ஏரியில், இருட்டில், எதைக் கொண்டு கண்டுபிடிப்பது? மடியில் ஒரு டார்ச் இருக்கலாம், அதுவும் வலையைப் பார்க்கும்போதுதான் எரியும். இந்தப் பக்கம் வருவதோ இரண்டு மூன்று படுக்கையறை, சமையல்கட்டு, மேல்மாடி எல்லாம் சுமந்த பெரிய மரப்படகு. அதற்கு பிரேக் கிடையாது. எஞ்சினை நிறுத்தினாலும் தன் பாட்டுக்கு ஓடும். ரிவர்ஸ் போட்டாலும் உடனே நிற்காது. ஆளின் மேல் ஏறவில்லை, வலை மேல்தான் ஏறியது என்றாலும், நைலான் வலை புரொப்பல்லரில் சுற்றி எஞ்சின் நிற்கும், காற்று தள்ளுகிற பக்கம் படகு போகும். வலை போனவருக்கு அன்றைய பிழைப்பு போயிற்று.

நான் தூத்துக்குடித் தோணிகளில் சுக்கான் பிடித்து வயதானவன். கடலில் ராத்திரி முறை பார்த்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். கரையில் இருப்பவர்கள் இரவில் வெளிச்சம் போதாமல்தான் விபத்து நடக்கிறது என்று நினைக்கிறார்கள். தண்ணீரில் பாதி நேரம் தொந்தரவே வெளிச்சம்தான். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பழகிய கண்ணைக் கெடுக்க ஒரே ஒரு செல்போன் ஃபிளாஷ் போதும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் ஓடுகிற கப்பலில் சுக்கான் அறையை இருட்டாக வைத்திருப்பார்கள், வரைபடம் பார்க்க மங்கலான சிவப்பு விளக்கு போடுவார்கள்.

இப்போது ஒரு படகு வீட்டை நினைத்துப் பாருங்கள். முன்பக்கம் திறந்த இடத்தில் நாற்காலி போட்டு டிரைவர் ஸ்டியரிங் பிடிக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே நம் சோபா, டிவி, டியூப் லைட். கூரை விளிம்பு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி சீரியல் பல்பு. இந்த வெளிச்சத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே இருப்பது கறுப்புச் சுவர். நமக்கு ஏரி ஜொலிக்கிறது, அவருக்கு ஏரியே தெரியவில்லை. கரையில் உள்ள ஹோட்டல் விளக்குகளும் கூடச் சேர்ந்துகொள்ளும். அந்த விளக்குக் கூட்டத்துக்கு நடுவே ஒரு வள்ளத்தின் சிறு வெளிச்சம் வந்தால், அதுவும் கரை விளக்குகளில் ஒன்றாகத்தான் கண்ணில் படும்.

படகுக்கென்று விளக்கு இல்லாமல் இல்லை. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. எஞ்சின் ஓடுகிற படகென்றால் உயரத்தில் இன்னொரு வெள்ளை. 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் எழுதி வைத்த ஏற்பாடு. அதில் ஒரு மொழியே இருக்கிறது. எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம் மேலேயே வருகிறான். இருவருமே வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். நம் வலப்பக்கத்தில் சிவப்பு மட்டும் தெரிந்தால் அவன் நம்மைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இடப்பக்கம் போகிறான், வழிவிட வேண்டியவர் நாம். இடப்பக்கத்தில் பச்சை என்றால் வழிவிட வேண்டியது அவன். வெள்ளை மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் ஒருவனுடைய முதுகைப் பார்க்கிறோம். இன்னொன்று: தெரிகிற விளக்கு நம் படகிலிருந்து பார்க்க ஒரே திசையில் அசையாமல் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதப் போகிறோம் என்று அர்த்தம். துடுப்புப் படகுக்குக்கூட அந்த விதிகளில் இடம் உண்டு. கையில் வெள்ளை டார்ச் தயாராக இருக்க வேண்டும், மோதலைத் தவிர்க்கிற அளவு முன்னதாகவே அதைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறார்கள். சரி, கூரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகச் சீரியல் பல்பைத் தொங்கவிட்டுவிட்டால் இந்த மொழியை யார், எங்கே படிப்பது?

குடும்பத்தோடு அங்கே போயிருந்தபோது ஒரு காட்சி பார்த்தேன். எங்கள் படகுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த படகில் நம் ஊர்ப் பையன்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், "அண்ணே, சும்மா ஒரே ஒரு ரவுண்டு, எவ்வளவு வேணும்னு சொல்லுங்க" என்று டிரைவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் சிரித்தபடியே, "வலையுண்டு சாரே, பற்றில்ல" என்றார். வலை கிடக்கிறது, முடியாது என்று அர்த்தம். அப்புறமும் விடவில்லை, ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வெளியே வந்தன. மனிதர் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் எல்லா டிரைவருக்கும் அந்தத் திராணி இருக்கும் என்று சொல்ல முடியாது. முதலாளியின் முகம், டிப்ஸ், நாளைக்கு நெட்டில் நாம் போடப்போகிற ஸ்டார் என்று அவர் கையைக் கட்டுகிற விஷயங்கள் நிறைய. விதியை மீறி ஓட்டுகிறவர்களும் இல்லாமல் இல்லை. அவர்களை மீற வைப்பது நம் காசுதான்.

கேரளத்தில் இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில், ஏரி இல்லை, ஆறு கடலில் சேருகிற இடம், சுற்றுலாப் படகு ஒன்று இருட்டத் தொடங்கிய பிறகும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி அமைத்திருந்தார்கள், அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். 22 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வேம்பநாட்டிலேயே 2002 ஜூலை 27 அதிகாலை, முகம்மாவிலிருந்து குமரகம் போன பயணிகள் படகு மூழ்கி 29 பேர் போனார்கள். அரசு வேலைக்குத் தேர்வு எழுதக் கிளம்பியவர்கள் அதில் நிறையப் பேர். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேர் பலியான விபத்தை நம் ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். தேக்கடிப் படகு கவிழ்ந்தது சாயங்கால வெளிச்சத்தில்தான். ஆனால் தேடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இருட்டிவிட்டது. இருட்டுகிற வேளையில் கிளம்புகிற படகுக்கு விபத்து என்று ஒன்று வந்தால், மீட்பு வேலை முழுக்க ராத்திரியில்தான் நடக்கும். தண்ணீரில் விழுந்தவன் தலை பத்தடி தூரத்தில் இருந்தாலும் தெரியாது. ஐந்தரை மணிக் கணக்கை இப்படித்தான் பார்க்க வேண்டும்.

கட்டிப் போட்ட படகிலும் கவனம் வேண்டும். குடித்துவிட்டு மேல்தளத்தில் நின்றவர் தவறி விழுந்தார், கரைக்கும் படகுக்கும் நடுவே போட்ட பலகையில் கால் வைக்கும்போது வழுக்கினார் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டால், கட்டிலுக்கு அடியிலோ மேல் ராக்கிலோ அடுக்கி வைத்திருப்பதைக் காட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அளவானது இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைப் போட்டுத் தண்ணீரில் விழுந்தால் குழந்தை அதிலிருந்து கீழே நழுவிவிடும். ஏறின உடனேயே எடுத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கரையில் இருக்கும்போதே குறை சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1917-இலிருந்து இருந்த பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 2021-இல் உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கென்று நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. பதிவு, தகுதிச் சோதனை, ஓட்டுபவருக்குச் சான்றிதழ் எல்லாம் அதில் வருகிறது. எனக்குக் கவலை, இந்தச் சட்டமும் சோதனையும் பெரிய படகைப் பார்த்தே நின்றுவிடும் என்பதுதான். வள்ளக்காரர் கையில் விளக்கு இல்லாமல் ஏரி பத்திரமாகாது. அவரை ஃபைன் போட்டு விளக்கு வாங்க வைக்கக் கூடாது. அவர் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறவர், நாம்தான் நேற்று வந்தவர்கள். நனைந்தாலும் கெடாத, எல்லாப் பக்கமும் தெரிகிற சின்ன பேட்டரி விளக்கு ஒன்றும் பெரிய விலை இல்லை. ஒவ்வொரு படகு வீட்டு முன்பதிவிலும் ஒரு சிறு தொகையைப் பிடித்து, மீனவர் சங்கங்கள் வழியாக அதைக் கொடுக்கலாம். ஒரு இரவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்களுக்கு அது உறைக்காது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படிப் பயணக் கட்டுரை வரும்போது, வாடகை, சாப்பாட்டு விவரம் போடுகிற அதே பெட்டியில், படகு எத்தனை மணிக்குக் கட்டப்படும், மறுபடி காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதையும் போடுங்கள். அதன் கீழே, மாலைக்கு மேல் ஓட்டச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று ஒரு வரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோணித் தொழிலாளி,
தூத்துக்குடி.