மாமா கடைக்கு ஒரு பெயர்

அன்புள்ள குமாருக்கு,

இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி எழுதக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள், அதனால் எழுதவில்லை. வாட்ஸாப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில்தான் இல்லை. வேலை இருக்கும். சரி, மெயிலிலேயே எழுதுகிறேன், சாவகாசமாகப் படி.

விஷயம் சின்ன மாமாவுடையது. கடைக்கு வெப்சைட் வேண்டுமாம். பத்தி, சாம்பிராணி எல்லாம் விற்பதால் மகிழம்பூ என்று பெயர் பிடித்து வைத்திருக்கிறார். பெயர் நல்ல பெயர்தான், ஆனால் இங்கிலீஷில் எப்படி எழுதுவது? நான் ழவுக்கு இசட் எச் போட்டேன், மாமா எல் போட்டார், அத்தை நடுவில் ஜி என்றாள், அவள் மகன் எச்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். போனில் ஒரு தடவை சொன்னால் கேட்டவன் பிழையில்லாமல் அடிக்க வேண்டும், அதுதான் பெயர் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். வெப்சைட் பெயருக்கு 63 எழுத்து வரைக்கும் விடுவான் என்பதற்காக ஜாதகத்தையா எழுதி வைப்பது என்று சிரித்தாய். டாட் காமில் அஞ்சே எழுத்தில் உனக்கு ஒரு பெயர் கிடைத்த அன்று நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் வீட்டுப் பஞ்சாட்சரம் என்றே சொன்னேன். இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து பெயர் வாங்குகிறானாம் பெயர் என்று அதற்கு முந்தின வாரம் கத்தியதும் நான்தான், மறுக்கவில்லை.

தமிழிலேயே எழுதி டாட் இந்தியா என்று முடிகிற மாதிரி வாங்கலாம் என்று எதிர்வீட்டுப் பையன் காட்டினான். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் வெளிமாநிலப் பார்ட்டி அதை எப்படி டைப் அடிப்பான்? டாட் இன் போதும் என்பது என் கட்சி. மாமாவுக்கு டாட் காம்தான் வேண்டுமாம்.

எதுவானாலும் சரி, வெப்சைட் செய்து கொடுக்கிற ஆள் பெயரில் வாங்காதீர்கள், உங்கள் பெயரில், உங்கள் மெயிலைக் கொடுத்து வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். முதல் வருஷம் சல்லிசாகக் கொடுத்துவிட்டு ரெண்டாம் வருஷம் தீட்டுவார்கள், ரின்யூவல் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கையில் காசு இருக்கும்போதே 10 வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம். கார்டு கொடுத்துவிட்டோம், தானாகக் கட்டிக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது, கார்டுக்கும் காலாவதி உண்டு. ஒரு மாதம் முன்னாலும் ஒரு வாரம் முன்னாலும் மெயில் வரும், அதைத் திறந்து பார்க்க வேண்டும். உங்கள் பெயரில், உங்கள் மெயிலில். சொல்லிவிட்டேனோ, பரவாயில்லை.

டாட் காமில் தேதி தவறினாலும் உடனே பறித்துவிட மாட்டார்களாம். விற்ற கம்பெனியைப் பொறுத்து 45 நாள் வரைகூடப் பொறுப்பார்கள். அப்புறம் 30 நாள், அதற்குள் அபராதம் கட்டினால் மீட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் 5 நாள், அவ்வளவுதான், பிறகு எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வான். எல்லாம் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். இன்னும் வாங்காத பெயருக்கு எதற்கு இப்போதே நாள் எண்ணுகிறீர்கள் என்று அம்மா கேட்கிறாள்.

காலையில் பேப்பர் பிரிப்பதற்கு முன்னால் உன் கம்பெனிப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்ப்பது என் வழக்கம், உனக்குத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை திறந்தால் சம்பந்தமில்லாமல் ஏதோ விளம்பரங்கள். என் போன்தான் கோளாறு என்று நினைத்தேன். எதிர்வீட்டுப் பையனுடைய போனிலும் அதேதான் வந்தது.

1999இல் நம் பிரஸ் போன் ரெண்டு மாதம் ஊமையாகக் கிடந்ததே. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் போட்டுவிட்டுக் காலண்டர் ஆர்டருக்காகக் காத்திருந்த நேரம், சிவகாசியில் மற்ற பிரஸ்களில் போன் வைக்க நேரமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் கேபிள் ஃபால்ட் என்று சொன்னேன். பில் கட்டவில்லை, அதனால் துண்டித்துவிட்டார்கள், அதுதான் நிஜம். புகார் எழுதிக் கொடுடா என்று பாட்டி நச்சரிக்கவும், நானே போகக் கூசிக்கொண்டு, ஏழாங்கிளாஸ் படித்த உன் கையில் கடிதத்தைக் கொடுத்து எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினேன். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் உனக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்பது அனுப்பும்போதே எனக்குத் தெரியும். நீ திரும்பி வந்து, "சரி பண்ணிருவாங்களாம்" என்று பாட்டியிடம் சொன்னாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் உன்னை ஒன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

இதை எழுத வேண்டும் என்று உட்காரவில்லை, வந்துவிட்டது.

ரசம் வைத்துச் சாப்பிடு, கடைச் சாப்பாடு வேண்டாம். அப்புறம், அந்த 30 நாளில் மீட்பதற்கு அபராதம் எவ்வளவு ஆகும் என்று மட்டும் ஒரு வரி எழுது, பணம் எடுத்து வைத்திருக்கிறேன். மாமாவுக்காகத்தான் கேட்கிறேன்.

அப்பா