பதினாலு வயசுக்கு ஒரு மாயக்கதை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் சூனியக்காரி, ராஜகுமாரி என்று ஆங்கில மாயக்கதை நாவல்களைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்களே என்று போன இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், என் மகள். அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறினால் பாளையங்கோட்டை வரும்வரை தலை நிமிராமல் படிப்பாள். நானும் திட்டியிருக்கிறேன். அப்புறம் அவளிடமே ரெண்டு புத்தகம் வாங்கிப் படித்துப் பார்த்தேன்.

சின்னப் பிள்ளையில் கேட்ட கதையில் சித்தி கெட்டவள், அவ்வளவுதான். அதே கதையைத் திருப்பி எழுதுகிற இந்த நாவல்களில் அந்தச் சித்தி யார், அந்த வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள், ராஜகுமாரன் வந்து கேட்டதும் அந்தப் பொண்ணு ஏன் சரி என்று சொல்ல வேண்டும் என்று நானூறு பக்கத்துக்குத் தோண்டிக்கொண்டு போகிறார்கள். பதினாலு வயசில் பிள்ளைகளுக்கு வீட்டில் எதைப் பார்த்தாலும் இதே 'ஏன்'தானே? அம்மாவிடம் நேராகக் கேட்டால் சண்டை வரும், கதைக்குள் கேட்டால் வராது.

பழைய கதையை மாற்றலாமா என்றும் அவர் கேட்டிருந்தார். அது எப்போது மாறாமல் இருந்தது? ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-ல் போட்ட முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னது பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-ல் அச்சிட்ட சிவப்புக் குல்லாய்ச் சிறுமி கதை, ஓநாய் அவளைத் தின்றதோடு முடிந்துவிடும். வேட்டைக்காரன் வந்து காப்பாற்றுவதெல்லாம் கிரிம் தொகுப்பில்தான்.

போன மாதம் ஒரு ராத்திரி கரண்ட் இல்லை. தார்சாவில் உட்கார்ந்து என் மாமியார் நல்லதங்காள் கதை சொன்னார். பன்னிரண்டு வருஷப் பஞ்சம், ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள், மதினி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள்.

"அவ ஏன் ஆச்சி சாத்துனா?" என்று கேட்டாள் என் மகள்.

"அவ குணம் அப்படி, ஏட்டி."

"சும்மா இருக்கையில குணம் அப்படி ஆயிருமா? அவள யாரு என்ன செஞ்சா?"

என் மாமியார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "எங்க ஆத்தாகிட்ட நான் இதக் கேக்கவே இல்லையே" என்றார். அந்தப் புத்தகங்களைப் படித்த பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி வந்தது என்று நான் நினைக்கிறேன்.

சிண்டரெல்லாவின் கண்ணாடிச் செருப்புக் கதை உலகத்துக்கே தெரியும். இங்கே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறோம். முத்துப்பட்டன் என்கிற பிராமணப் பையன்தான் அந்தப் பட்டவராயன். அவன் பொம்மக்கா திம்மக்காவைக் கட்டிக்கொள்வதற்காகச் சாதியை உதறிவிட்டுச் செருப்புத் தைத்தான், மாடு கொள்ளையடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான், அக்காளும் தங்கச்சியும் தீயில் இறங்கினார்கள். விடிய விடிய வில்லுப்பாட்டில் பாடுகிற கதை. அதையே பொம்மக்கா வாயால் சொன்னால் என் மகளும் அவள் கூட்டாளிகளும் புத்தகத்தைக் கீழே வைப்பார்களா? நாட்டுப்புற ஆய்வாளர் நா. வானமாமலை கதைப்பாடல்களைத் தேடித் தேடிப் பதிப்பித்தார். இடைசெவல் எழுத்தாளர் கி.ரா. நாட்டுப்புறக் கதைகளைச் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். கதைக்கா நமக்குப் பஞ்சம்?

ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் தமிழில் கேட்டால் ஒன்று சின்னப் பிள்ளைகளுக்கான படக்கதையை எடுத்துத் தருகிறார்கள், இல்லையென்றால் நேராகப் பெரியவர்கள் நாவல். நடுவில் இருக்கிற பிள்ளை ஆங்கிலத்துக்குப் போகாமல் என்ன செய்யும்?

அதனால் ஒன்று கேட்கிறேன். பதிமூன்றிலிருந்து பதினாறு வயசுப் பிள்ளைகளுக்காக, நம் ஊர்ப் பழங்கதை ஒன்றை எடுத்து ஒரு தொடர்கதை போடுங்கள். ஒவ்வொரு வாரமும் கடைசியில் அறிவுரை வேண்டாம், பயமும் காதலும் கோபமும் அப்படியே இருக்கட்டும். மூளி அலங்காரியிலிருந்து ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் ரெண்டு பேர் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பாசமுத்திரம்