முறைப்படி வந்தோம் என்று சொன்னாயே

வியாசர்பாடி,
சென்னை - 39.

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி இப்போது பரவாயில்லை. மாப்பிள்ளையையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்லு.

போன வாரம் பேசும்போது, பிரிட்டனுக்கு அடைக்கலம் தேடிப் படகில் வருகிறவர்களை எல்லாம் அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும், முறைப்படி வந்த எங்களுக்கும் அவர்களால்தான் கெட்ட பேர் என்று சொன்னாய். நைட் டியூட்டி முடித்துவிட்டுக் களைப்பாக இருந்தாய், அதனால் நான் பேச்சை வளர்க்கவில்லை. ஆனால் அது மனசை விட்டுப் போகவில்லை. போனில் இதையெல்லாம் பேச முடியாது, பாதியில் குட்டி பிடுங்கிக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன்.

நீ பிரிட்டனுக்கு நர்சாக முறைப்படி போனவள்தான். இங்கே வார்டில் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் அந்த முறையை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடு கண்ணு.

1948-இல் பிரிட்டன் போட்ட சட்டப்படி காமன்வெல்த் நாட்டுக்காரர் யார் வேண்டுமானாலும் அங்கே போய்க் குடியேறலாம். விசா கிடையாது. இரண்டாம் உலகப் போரில் இடிந்த ஊரைக் கட்டவும் ரயில் ஓட்டவும் அவர்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. 1962-இல் அந்த வாசலைக் குறுக்கினார்கள். 1968-இல் இன்னும் இறுக்கினார்கள். கென்யாவிலிருந்து கிளம்பிய இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே இருந்தும், தடையில்லாமல் உள்ளே போகும் உரிமை அவர்களுக்குப் போய்விட்டது. பிறகு 2004-இல் போலந்து மாதிரி கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, ஜெர்மனி தன் வேலைச் சந்தையை 2011 வரை திறக்காமல் வைத்திருந்தது. பிரிட்டன் உடனே திறந்தது. வருஷத்துக்கு அதிகபட்சம் 13,000 பேர் வருவார்கள் என்று ஒரு மதிப்பீடு இருந்தது, வந்ததோ லட்சக்கணக்கில். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டில் அந்தக் கோபத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2020 டிசம்பரோடு ஐரோப்பியர்களின் தாராள வரவு நின்றது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிக்கு ஆள் வேண்டாமா? அந்த வருஷமே மருத்துவப் பணியாளர்களுக்குத் தனி விசா கொண்டுவந்தார்கள். நீ போனது அந்த விசாவில்தான். ருமேனியாவிலிருந்து வந்திருக்க வேண்டிய நர்சுக்கு வாசலை அடைத்ததால் வியாசர்பாடிப் பெண்ணுக்கு வாசல் திறந்தது. உன் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீ நின்ற வரிசையை வேறு யாரோ தங்கள் வசதிக்குப் போட்டார்கள் என்றுதான் சொல்கிறேன்.

சரி, படகில் வருகிறவர்கள் ஏன் வரிசையில் நிற்கவில்லை என்று கேட்டாய். அவர்களில் பெரும்பாலானோருக்கு நிற்க வரிசையே கிடையாது. அடைக்கலம் கேட்க பிரிட்டன் மண்ணில் கால் வைத்திருக்க வேண்டும். அடைக்கலம் கேட்பதற்கென்று விசாவும் கிடையாது. விமானத்தில் வரலாமே என்பாய். 1987 பிப்ரவரியில் இலங்கைத் தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பாதீர்கள் என்று உடுத்தியிருந்த துணியைக் கழற்றிப் போட்டுப் போராடினார்கள். அந்த வருஷமே ஒரு சட்டம் வந்தது. சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம். அன்றிலிருந்து கவுன்டரில் நிற்கும் பெண்ணே எல்லைக் காவலர் வேலையைப் பார்க்கிறாள், விசா இல்லாதவனை ஏற்றமாட்டாள். விமானம் அடைபட்ட பிறகு லாரி, லாரியைச் சோதிக்க ஆரம்பித்த பிறகு ரப்பர் படகு.

நீ வெள்ளிக்கிழமை கோயிலில் பார்க்கிற யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், உனக்கு முருங்கைக்காயும் இடியாப்ப மாவும் விற்கிற அண்ணன், இவர்களில் எத்தனை பேர் 1983 இலங்கைக் கலவரத்துக்கு அப்புறம் முறையான விசாவோடு வந்திருப்பார்கள்? அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? இங்கேயும் பார். இலங்கையிலிருந்து வந்தவர்கள் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாமில் இன்னும் இருக்கிறார்கள். அந்த முகாமிலேயே பிறந்த பிள்ளைகளுக்கும் குடியுரிமைக்கு வழி தெரியவில்லை. 1951-இல் வந்த அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதும் இலங்கைத் தமிழரை விட்டுவிட்டார்கள். நம் வீட்டில் இதைச் செய்துகொண்டு வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நம் குடும்பத்தையே எடுத்துக்கொள். உன் தாத்தா பர்மாவில், ரங்கூனில் முறைப்படி இருந்தவர். வெளிநாட்டவர் பதிவு அட்டை வைத்திருந்தார், தவறாமல் கட்டணம் கட்டினார். 1962-இல் ராணுவத் தளபதி நே வின் அங்கே ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்று லட்சம் பேர் அளவுக்கு இந்தியர்கள் வெளியேறினார்கள் என்கிறார்கள். ஆயாவின் நகைகளைத் துறைமுகத்திலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தாலிக்கொடி போய், மஞ்சள் கயிற்றோடுதான் ஆயா கப்பல் ஏறினார். அந்த அட்டையைத் தாத்தா கடைசிவரை தகரப் பெட்டியில் வைத்திருந்தார். பழுப்பேறிய காகிதம், மூலையில் தாத்தாவின் சின்ன போட்டோ, ரப்பர் முத்திரை பாதி மூக்கின் மேல் விழுந்திருக்கும். சின்ன வயசில் நீ அதை எடுத்து விளையாடியிருக்கிறாய். அதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சட்டத்தை மாற்றியபோது அந்தச் சரியான அட்டை ஒன்றுக்கும் உதவவில்லை.

உன் விஷயத்தில் எனக்குள்ள பயமும் அதுதான். ஐந்து வருஷத்தில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை என்று சொல்லித்தான் உன்னைக் கூப்பிட்டார்கள். 2025 மே மாதம் அரசாங்கம் விட்ட வெள்ளை அறிக்கையில் அதைப் பத்து வருஷமாக்கப் போவதாகச் சொன்னார்கள். நீ எதைத் தவறாகச் செய்தாய்? கரீபியன் தீவுகளிலிருந்து 1948-க்கு அப்புறம் சட்டப்படி வந்து பிரிட்டனிலேயே உழைத்துக் கிழவர்களானவர்களிடம், 2018 வாக்கில், நீங்கள் சட்டப்படி வந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு வேலையைப் பிடுங்கிய கதை வெளியே வந்தது. நாடு கடத்தப்பட்டவர்களும் அதில் உண்டு. அவர்கள் வந்திறங்கியபோது எழுதிய அட்டைகளை அரசாங்கமே 2010-இல் அழித்திருந்தது. 2024 ஆகஸ்டில் குடியேறிகளுக்கு எதிராக நடந்த கலவரத்தில் சண்டர்லாந்து ஊரில் அவசர டியூட்டிக்கு டாக்சியில் போன பிலிப்பைன்ஸ் நர்சுகள் மேல் கல் எறிந்தார்கள். கல் எடுத்தவன் விசா என்ன வகை என்று கேட்கவில்லை. படகில் வந்தவனைக் காட்டிக்கொடுத்தால் உன்னை விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதே.

அதற்காக அந்த ஊர்க்காரர்களை எல்லாம் இனவெறியர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாஸ்டன் என்று லிங்கன்ஷயரில் ஒரு சின்ன ஊர். முட்டைக்கோஸ் அறுக்க கிழக்கு ஐரோப்பியர்கள் வந்து குவிந்த இடம். 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில் அங்கே நூற்றுக்கு 75 பேருக்கு மேல் ஒன்றியத்தை விட்டு வெளியேறுவோம் என்று ஓட்டுப் போட்டார்கள். ஜனம் பெருகும்போது பள்ளிக்கூடமும் டாக்டரும் வீடும் அதே வேகத்தில் பெருகாவிட்டால் யாருக்குமே எரிச்சல் வரும். நாங்கள் பர்மாவிலிருந்து வந்து இங்கே குடிசை போட்டபோது, குழாயடியில் எங்கள் குடங்களை ஓரமாகத் தள்ளி வைப்பார்கள். பர்மாக்காரன் வந்துதான் தண்ணி பத்தலை என்பார்கள். தண்ணீர் பத்தவில்லை என்பது நிஜம். இன்னொரு குழாய் போடாதது யார் என்று கேட்க யாருமில்லை.

இப்போது அந்தப் பேச்சு ஒடிசா, பீகார் பையன்கள் மேல் திரும்பியிருக்கிறது. நம் தெரு முனை வீட்டு மாடியில் ஒரே அறையில் எட்டு ஒடிசா பையன்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறார். மணலிப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை. நம் ஊர் ஆளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த கூலியில் முக்கால்வாசிதான் அவர்களுக்கு, அதையும் இரண்டு மாதமாக நிறுத்தி வைத்திருந்தார். துறைமுகத்தில் சங்க வேலை பார்த்த பழக்கத்தில் நானும் இன்னும் இரண்டு பேரும் கூடப் போய்ப் பேசினோம். அங்கே நம் லோடுமேன் ஒருவர், இவனுங்க வந்ததாலதான் எங்க கூலி போச்சு என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. கூலி போனது நிஜம். ஆனால் குறைத்தது கான்ட்ராக்டர். ஒரே வேலைக்கு உள்ளூர் ஆளுக்கும் வெளிமாநில ஆளுக்கும் ஒரே கூலி என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள். அது ஒழுங்காக நடந்திருந்தால் அந்தப் பையனை மலிவான ஆள் என்று கூட்டி வர அவருக்கு ஆசையே வந்திருக்காது. கடைசியில் ஒரு மாதக் கூலி வாங்கிக் கொடுத்தோம், இன்னொரு மாதம் பாக்கி இருக்கிறது.

எல்லையே வேண்டாம் என்கிறாயா அப்பா என்று கேட்பாய். எல்லாரும் விரும்பிய நாட்டுக்குப் போய் வேலை செய்ய விட்டால் உலக வருமானம் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்ட பொருளாதார அறிஞர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கை நான் முழுசாக நம்பவில்லை, காகிதத்தில் மனுஷன் சண்டை போடமாட்டான். ஆனால் கதவைத் திறந்தால் உலகமே கொட்டிவிடும் என்பதையும் நம்பவில்லை. 1950 ஒப்பந்தத்திலிருந்து நேபாளத்துக்காரர் விசா இல்லாமல் இந்தியாவுக்கு வரலாம், போகலாம், வேலை பார்க்கலாம். நேபாளம் காலியாகிவிடவில்லை. நம் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு எந்த இந்தியனும் எந்த மாநிலத்திலும் போய் வாழலாம் என்கிறது. பீகார் கூலிக்கும் நம் கூலிக்கும் அவ்வளவு வித்தியாசம் இருந்தும் பெரும்பாலான பீகாரிகள் பீகாரில்தான் இருக்கிறார்கள். பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்கிறவர்கள் உலக ஜனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை என்பது ஐ.நா.வின் 2024 கணக்கு. சொந்த ஊரை விட்டுப் போக யாருக்கும் லேசில் மனசு வராது. உனக்கே வரவில்லையே, விமான நிலையத்தில் எப்படி அழுதாய்.

எனக்கு வேண்டியது இதுதான். வருகிறவன் யார் என்று பார்க்கட்டும், கணக்கு வைக்கட்டும், குற்றவாளியைத் தடுக்கட்டும். உயிருக்குப் பயந்து வந்தவன் சொல்வதைக் கேட்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. வேலைக்கு வந்தவனை ஒரே முதலாளியின் கையில் கட்டிப்போடக் கூடாது. முதலாளி கைவிட்டால் 60 நாளில் வேறு இடம் பார், இல்லாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்பு என்று ஒரு விதி இருந்தால், அங்கே எவள் சம்பளப் பாக்கியைக் கேட்பாள்? அவள் வாயை மூடிக்கொண்டு குறைந்த காசுக்கு வேலை செய்தால் அந்த ஊர்ப் பெண்ணின் சம்பளமும் சேர்ந்துதான் இறங்கும்.

உன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிற ஜிம்பாப்வே பெண் ஒருத்தியின் முதலாளிக்கு வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் போய்விட்டது, ஏஜென்டுக்குக் கட்டிய கடன்கூட இன்னும் அடையவில்லை என்று மூன்று வாரம் முன்னால் சொன்னாயே. 2025 ஜூலையிலிருந்து முதியோரைப் பார்த்துக்கொள்ளும் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆட்களை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கிறவள் வேறு இடத்துக்கு மாற இன்னும் வழி இருக்கிறது என்று படித்தேன். உங்கள் நர்சுகள் சங்கத்தில் இந்த மாதிரி கேசுக்கு ஆலோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். நாளைக்கே விசாரி, அவளுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அப்பா