‘கே’ என்ற எழுத்துக்குப் பொருள் நீதான் சொல்ல வேண்டும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேத்தி கன்னடத்தில் கதை சொல்கிறாள் என்று நீ எழுதியிருந்ததை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மைசூர்க் குளிர் உன் மனைவியின் மூட்டு வலியை ஏற்றாமல் இருக்கட்டும். இங்கே இவளுக்கு வலது கண்ணில் புரை நீக்கிவிட்டார்கள், இப்போது நாளிதழை என்னிடமிருந்து பிடுங்கிப் படிக்கிறாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் தாமதமானதற்கு ஒன்பது ஃப்ளாப்பிகள்தான் காரணம். உன் கையெழுத்து இருக்கிற ஃப்ளாப்பிகள்.

மில்லில் வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் இருந்த நம் அண்ணன் போன வருடம் தவறிப்போனார் அல்லவா? அவருடைய மகள் வீட்டைக் காலி செய்யும்போது பீரோவின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்திருக்கிறது. உள்ளே அந்துருண்டை வாசனையோடு ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிகள். ஒவ்வொன்றின் மேலும் ‘பேக்கப் 31-3-94’ என்று நீ பால்பாயின்ட் பேனாவால் எழுதி, ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டிருந்தாய். பேனாவை அழுத்தி எழுதினால் உள்ளே தட்டில் பள்ளம் விழும் என்று லேபிளை முதலில் எழுதிவிட்டுத்தானே ஒட்டுவாய்? முப்பது வருடம் கழித்து அந்த ஜாக்கிரதைக்கு உனக்கு நன்றி சொல்கிறேன்.

நம் நூல் மில் மூடியதும், சொத்தை விற்றுக் கடன் தீர்க்கிற லிக்விடேட்டரிடம் போனதும் உனக்குத் தெரிந்த கதை. அந்தக் கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. போன ஆடி மாதம் ஒண்டிப்புதூரிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய அப்பா ஸ்பின்னிங்கில் சைடு பார்த்தவர், மில் மூடுவதற்கு ஏழெட்டு மாதம் முன்பு வேலையை விட்டு அனுப்பப்பட்டவர். பணிக்கொடை வரவில்லை. பாக்கி கேட்டுப் போனால் பட்டியலில் பெயரே இல்லை என்கிறார்களாம். அப்படி ஒரு பட்டியல் கொடுத்தது யார் என்று யோசித்துப் பார்த்தேன். 132 காலம் டாட் மேட்ரிக்ஸில் இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து அதை அச்சடித்தவன் நான்தான். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் சம்பளப் புரோகிராமின் முதல் வரிகளில் ‘செட் டெலீட்டட் ஆன்’, அதாவது டெலீட் செய்தவர்களைக் காட்டாதே என்று இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நாம் விவரங்களை வைத்திருந்த டிபேஸ் த்ரீ பிளஸ் மென்பொருளில் ஒருவரை டெலீட் செய்தால் அவருடைய விவரம் அழிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு ரெக்கார்டிலும், அதாவது ஒருவருக்கான பதிவிலும், முதல் பைட் (ஓர் எழுத்துக்கான இடம்) அதற்கென்றே ஒதுக்கியது. ஆள் இருந்தால் அது வெறும் இடைவெளி, டெலீட் செய்தால் ஒரு நட்சத்திரக் குறி. மற்றபடி பெயர், டோக்கன் நம்பர், சேர்ந்த தேதி, சம்பளம் எல்லாம் அப்படியே கிடக்கும். ‘பேக்’ கட்டளை கொடுத்தால்தான் நட்சத்திரம் போட்டவர்கள் ஃபைலைவிட்டு உண்மையிலேயே போவார்கள். அதுவரை ‘ரீகால்’ என்று கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவார்கள். வேலையை விட்டு அனுப்பியவர்களுக்கெல்லாம் நாம் நட்சத்திரம் போட்டோம். அந்த ஒரு வரியினால் அவர்கள் திரையிலும் வரவில்லை, நான் அச்சடித்த பட்டியலிலும் வரவில்லை.

20 எம்பி ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை, பேக் போடுங்கள் என்று மேனேஜர் வற்புறுத்தியபோது, ஆடிட்டர் கையெழுத்துப் போடும்வரை போடமாட்டேன் என்று நீ நின்றாய். அப்போது எனக்கு அது வீண் பிடிவாதமாகத்தான் தெரிந்தது. இப்போது சொல்கிறேன், அந்தப் பிடிவாதத்தால்தான் அந்த ஆட்கள் ஃப்ளாப்பியில் இருக்கிறார்கள்.

சரி, அவற்றை எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். உனக்குத்தான் இது ருசிக்கும். முதல் வேலையாக, ஒன்பதின் ஓரத்திலும் இருந்த வெட்டை டேப் ஒட்டி மூடினேன், தவறியும் எதுவும் எழுதப்படக்கூடாது. பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். ஆறு பளபளவென்று இருந்தன. மூன்றில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை. அதோடு டிரைவில் போட்டால் படிக்கும் தலை அந்தப் பூஞ்சையை இழுத்துக்கொண்டே போய்த் தகட்டுப் பூச்சைக் கீறிவிடும், அடுத்த ஃப்ளாப்பியையும் கெடுக்கும். அதனால் அந்த மூன்றின் உறையை மேல் ஓரத்தில் வெட்டி, உள்ளே இருக்கும் மெல்லிய வட்டை உருவி எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, பஞ்சால் தொட்டும் தொடாமலும் துடைத்தேன். ஒரு ராத்திரி முழுக்கக் காயவைத்து, பயன்படாத வேறு ஃப்ளாப்பிகளின் உறைக்குள் நுழைத்தேன். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருந்தது.

டிரைவ் உக்கடத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. 1.2 எம்பி டிரைவ். நம்முடைய ஃப்ளாப்பி 360 கேபி, பக்கத்துக்கு 40 டிராக், அதாவது வட்டப் பாதை. இந்த டிரைவ் 80 டிராக் போடுவது, தலை பாதி அகலம்தான். படிக்கும்போது ஒன்றுவிட்டு ஒன்றாகத் தாண்டினால் போதும், எழுதப் போனால்தான் வம்பு. இப்போதைய கம்ப்யூட்டரில் அந்த 34 பின் கேபிளைச் சொருக இடமே கிடையாது. அதற்கு கிரீஸ்வீசில் என்று கெய்ர் ஃப்ரேசர் என்பவர் உருவாக்கிய ஒரு சின்ன போர்டு உதவியது. ஒரு பக்கம் டிரைவ், மறுபக்கம் யூஎஸ்பி. அது பைட்டுகளைக் கேட்பதில்லை. தட்டில் காந்தப்புலம் எந்த நேரத்தில் திசை மாறுகிறது என்பதை அப்படியே பதிந்துகொள்கிறது. ஒவ்வொரு டிராக்கையும் ஐந்து சுற்று படிக்கச் சொன்னேன். ஒரு சுற்றில் தெரியாத செக்டர் (டிராக்கின் ஒரு துண்டு) இன்னொரு சுற்றில் தெரிந்தது. ஒரு ஃப்ளாப்பி முடிந்ததும் தலையை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தது.

எட்டு ஃப்ளாப்பிகள் குறையில்லாமல் வந்தன. ஐந்தாவதில் அடுத்தடுத்து இரண்டு செக்டர்கள் என்ன செய்தும் வரவில்லை. கீறல். பூஞ்சையில்லாத ஃப்ளாப்பிதான் அது, அதுதான் மனசு ஆறவில்லை.

அப்புறம் ரெஸ்டோர். நாம் டாஸ் 3.3-இல் எடுத்த பேக்கப் அல்லவா? பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற எமுலேட்டர் மென்பொருளில் அதே டாஸைப் போட்டு அதே கட்டளையைக் கொடுத்தேன். நான்கு ஃப்ளாப்பி வரை ஒழுங்காக வந்து, ஐந்தாவதில் படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. அக்கா பேரன் ஒருவன் என்ஜினீயரிங் படிக்கிறான், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு ஃப்ளாப்பியிலும் இரண்டே ஃபைல்கள் இருப்பதை அவனுக்குக் காட்டினேன். ஒன்றில் எல்லா ஃபைல்களும் அமுக்கப்படாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் கிடக்கின்றன. கன்ட்ரோல் என்ற மற்றதில் எந்த ஃபைல் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற குறிப்பு. அதைப் பார்த்து வெட்டி ஒட்ட அவன் பைத்தானில் முப்பது வரி எழுதினான். நான்காவது ஃப்ளாப்பியின் கடைசியில் தொடங்கி ஐந்தாவதில் முடிகிற மாஸ்டர் ஃபைல் அப்படித்தான் ஒன்று சேர்ந்தது.

சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்க நீ கற்றுக்கொடுத்த கணக்கையே போட்டேன். தலைப்புக்கு 32 பைட். பெயர், தேதி மாதிரியான 22 ஃபீல்டுகளுக்குத் தலா 32 வீதம் 704. முடிவுக்குறி ஒன்று. ஆக 737. ரெக்கார்டு 1,147, ஒவ்வொன்றும் 128 பைட், அது 1,46,816. கடைசியில் ஃபைல் முடியும் குறி ஒன்று. கூட்டினால் 1,47,554. கன்ட்ரோல் குறிப்பிலும் அதே எண். பேரன் கை தட்டினான், நான் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

தலைப்பில் கடைசியாகத் திருத்திய நாளுக்கு மூன்று பைட்டுகள் உண்டு. அவற்றில் 94, 3, 31 இருந்தது. நம்முடைய எக்ஸ்டி கம்ப்யூட்டரில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. தினம் காலையில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போனதும் நீதான் தேதியைத் தட்டுவாய். நான் போட்ட நாட்களில் வெறும் என்டரைத் தட்டிவிட்டிருக்கிறேன். அந்த ஃபைல்களெல்லாம் 1980 ஜனவரி 1 என்று சொல்கின்றன. எந்தெந்த நாள் நீ லீவில் இருந்தாய் என்று அதை வைத்தே இப்போது சொல்லிவிடலாம்.

நட்சத்திரம் போட்டவர்கள் 61 பேர்.

அவர்களை ஒவ்வொருவராகப் படித்தேன். டிபேஸ் எண்களைக்கூட வெறும் எழுத்தாகத்தான் வைக்கும், அதனால் எந்த மென்பொருளும் இல்லாமல் கண்ணாலேயே படிக்க முடிகிறது. ரீலிங்கில் இருந்த அக்காமார், கார்டிங்கில் இருமிக்கொண்டே வேலை பார்த்த பெரியவர், எல்லோரும் இருக்கிறார்கள். பழனிச்சாமிகள் மட்டும் நான்கு பேர், ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதியிருக்கிறோம். போனவரின் டோக்கன் நம்பரை நாம் புது ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்பதால் ஒரே நம்பரில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் நட்சத்திரத்தோடு, ஒருவர் இல்லாமல். தேதியைப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒண்டிப்புதூர்க்காரரின் அப்பாவும் இருக்கிறார். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்துக் கடைசி மாதம் 2,080 ரூபாய், 18 வருட சர்வீஸ். பணிக்கொடைச் சட்டப்படி 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 1,200, மொத்தம் 21,600 ரூபாய். முப்பது வருடம் ஒரு நட்சத்திரத்துக்குப் பின்னால் இருந்த பணம்.

கெட்டுப்போன இரண்டு செக்டர்களில் ஒன்பது பேர் மாட்டியிருக்கிறார்கள். மாதச் சம்பள ஃபைலிலிருந்து அவர்களுடைய பெயரையும் சம்பளத்தையும் எடுத்துவிட்டேன். எட்டுப் பேரின் சேர்ந்த தேதி மட்டும் போனது போனதுதான். அதை எங்கும் நிரப்பி வைக்கவில்லை, ‘படிக்க இயலவில்லை’ என்றே குறித்திருக்கிறேன்.

வழக்கறிஞரிடம் காட்டினேன். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் வேண்டுமாம். அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பையும், அதாவது அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிடுகிற அடையாள எண்ணையும், எழுத வேண்டும். ஒரு பைட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதால் இது எனக்குப் பிடித்திருக்கிறது. காந்தப் பதிவு, செக்டர் படம், பிரித்தெடுத்த ஃபைல்கள், சாதாரண எழுத்து வடிவில் ஒரு பட்டியல், நான் என்னென்ன செய்தேன் என்ற நாட்குறிப்பு, எல்லாவற்றுக்கும் ஹாஷ் எடுத்து மூன்று பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று இந்தக் கடிதத்தோடு உனக்கு வரும் பென்டிரைவில் இருக்கிறது. ஒரே ஊரில் எல்லாப் பிரதியும் இருக்க வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டர் அன்றாடம் ஒழுங்காக இயங்கியது, அதில் வழக்கமாக ஏற்றிய விவரம்தான் இது என்று சொல்ல உன்னைவிடத் தகுதியான ஆள் இல்லை. உன் வாக்குமூலம் கிடைத்தால் நல்லது என்கிறார் அவர்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ‘எஸ்டி’ என்று ஓர் ஓரெழுத்து ஃபீல்டு வைத்திருந்தாய். அதில் ‘பி’ என்றால் நிரந்தரம், வராத ஆளுக்குப் பதிலாக வரும் ‘பதிலி’களுக்கும் முதல் எழுத்து ‘பி’ என்றே இடிக்கும் என்று ‘டி’ வைத்தோம், பயிற்சியாளர் ‘ஏ’. அந்த 61 பேரில் 23 பேருக்கு மட்டும் ‘கே’ என்று இருக்கிறது. நட்சத்திரம் இல்லாதவர் ஒருவருக்கும் ‘கே’ இல்லை. அந்தக் கடைசி இரண்டு வருடத்தில் நீயாகச் சேர்த்த எழுத்து அது. புரோகிராம் ஃபைல்களிலும் தேடிவிட்டேன், ஓரிடத்திலும் விளக்கம் இல்லை. ‘கணக்கு முடிந்தது’ என்று வைத்தாயா? அப்படியானால் அந்த 23 பேருக்கும் பணம் கொடுத்தாயிற்று என்று ஆகிவிடும். இல்லை, ‘கொடுக்க வேண்டியது’ என்று வைத்தாயா? ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஒண்டிப்புதூர்க்காரரின் அப்பாவுக்கும் ‘கே’தான்.

பேரன் கேட்கிறான், எந்த அர்த்தம் சாதகமோ அதை எழுதிவிட்டால் என்ன என்று. நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ அன்றைக்கு எந்த அர்த்தத்தில் தட்டினாயோ அதுதான் எழுத வேண்டும், எங்களுக்குப் பாதகமாக இருந்தாலும். உன் பச்சை அட்டை நோட்டில் ஃபீல்டுகளையெல்லாம் கையால் எழுதி வைத்திருந்தாயே, அது மைசூருக்கு உன்னோடு வந்ததா? பரணில், பழைய பெட்டியில், எங்காவது இருக்கிறதா பார். நோட்டு இல்லையென்றாலும், நிதானமாக உட்கார்ந்து ஞாபகப்படுத்திப் பார்த்து எழுது. போன் பண்ணினால் அவசரத்தில் ஏதோ ஒன்று சொல்லிவிடுவாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் வாரம் வழக்கறிஞர் மனுப் போடுகிறார். அதற்கு முன்னால் உன் பதில் வர வேண்டும். குழந்தைக்கு என் அன்பைச் சொல்.

உன்,
பக்கத்து மேசைக்காரன்