அம்மி நகர எவ்வளவு காற்று வேண்டும்

கண்ணு,

வேலை கிடைத்த சேதியைப் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். அப்பாவிடம் சம்பளத்தைச் சொன்னேன், யூரோவை ரூபாயாக்கிப் பார்த்தார், வரி எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டார், அவ்வளவுதான், தென்னைக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். எனக்குத்தான் உன் கடைசி வரி உறுத்துகிறது. "பிசிக்ஸை விட்டுட்டேன், கோபமா அம்மா?" என்று எழுதியிருக்கிறாய். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் நீ எதையோ தொலைத்துவிட்ட மாதிரி பேசுவதுதான் எனக்குப் புரியவில்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போகும், டிராமில் உட்கார்ந்து படி.

நானும் இதே வழியில் வந்தவள்தானே. கோவையில் இயற்பியல் படித்து, ஆய்வையும் முடித்துவிட்டு, காற்றாலைகள் நாளைக்கு எவ்வளவு மின்சாரம் தரும் என்று கணிக்கிற மென்பொருள் எழுதப் போனேன். அப்போது எங்கள் பேராசிரியர் முகம் சுளித்தார். கொழிஞ்சாம்பாறையில் சொந்தக்காரர்களோ, இப்பவாவது உருப்படியான வேலைக்குப் போனாளே என்றார்கள். இரண்டு கட்சியும் ஒன்றைத்தான் நினைத்தது: இயற்பியல் என்பது ஒரு கட்டடம், அதற்குள் இருந்தால் உண்டு, வெளியே வந்தால் இல்லை. வெளியே வந்தபின் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை நான் ஒரு நாளும் தொட்டதில்லை, உண்மைதான். தினமும் தொட்டது வேறொன்று. ஒரு எண்ணைச் சொன்னால் அது எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வது, அந்தத் தப்பு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தேடுவது. இதை மட்டும் நீ கையோடு கொண்டுபோனால் போதும்.

நீ பத்தாவது படிக்கும்போது ஆடிக்காற்றில் அம்மி பறக்குமா என்று கேட்டாய், ஞாபகம் இருக்கா? பின்கட்டில் கிடந்த அம்மியை வைத்தே கணக்குப் போட்டோம். எடை 25 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டோம், தரையோடு உராய்வு எண் 0.6, காற்று மோதுகிற பக்கம் 30 சென்டிமீட்டர் நீளம், 12 உயரம். காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோ. தேவையான காற்று வேகம் விநாடிக்கு 83 மீட்டர் என்று வந்தது, அதாவது மணிக்கு 300 கிலோமீட்டர், அதுவும் நகர்வதற்குத்தான், பறப்பதற்கு இல்லை. உடனே நீ, எடை 30 கிலோவாக இருந்தால் எல்லாம் போச்சே என்றாய். திரும்பப் போட்டோம், 330-க்குப் பக்கத்தில் வந்தது. எடையில் 20 சதவீதம் தப்பினாலும் வேகத்தில் 10 சதவீதம்தான் தப்பும், ஏனென்றால் அங்கே வர்க்கமூலம் இருக்கிறது, அது பிழையைப் பாதியாக்கிவிடும். அந்த 300-இல் கால்வாசிக் காற்று அடித்தாலே இங்கே ஓடெல்லாம் பறந்துவிடும். ஆக எண்கள் எல்லாமே உத்தேசம், ஆனால் பதில் உறுதி: அம்மி நகராது. பழமொழி சொன்னவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்.

எல்லா இடத்திலும் இப்படி அதிர்ஷ்டம் வாய்க்காது. நம் சித்தூர்ப்புழைத் தண்ணீரை எடுத்துக்கொள். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது, அதன்படி வருடத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு தடுப்பணை வழியாகக் கேரளத்துக்கு வர வேண்டும். பொள்ளாச்சி மாமா, திறந்துவிட்டோம் என்பார். சித்தூர்ச் சித்தப்பா, வரவே இல்லை என்பார். விசேஷ வீடுகளில் இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பதில்லை என்று உனக்கே தெரியும். என் கணக்கில் இரண்டு பேருமே பொய் சொல்லாமல் இருக்கலாம். தடுப்பணை மேல் வழிகிற தண்ணீரைப் பொதுவாக எப்படி அளப்பார்கள்? தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்கு வழிகிறது என்று அளவுகோலில் பார்த்து, அந்த உயரத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்திக் கணக்கிடுவார்கள். சும்மா ஒரு கணக்குக்கு, 20 சென்டிமீட்டர் என்று காட்டும்போது நிஜத்தில் 21 ஓடினால், ஒரே ஒரு சென்டிமீட்டர், தண்ணீர் ஏழரை சதவீதம் கூடிவிடும். வருடம் முழுக்க அப்படியே போனால் அரை டிஎம்சிக்கு மேல். ஒரு டிஎம்சி என்பது ஏறக்குறைய 2.83 கோடி கனமீட்டர், அதில் பாதி.

இதில் கவனிக்க வேண்டியது, அளப்பவர் இன்றைக்குக் கொஞ்சம் கூடப் படித்து நாளைக்குக் கொஞ்சம் குறையப் படித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, வருடக் கணக்கில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அளவுகோலையே ஒரு சென்டிமீட்டர் ஏற்றி நட்டுவிட்டால்தான் ஆபத்து, ஆயிரம் தடவை படித்தாலும் அது போகாது, ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும். உங்கள் ஆய்வுக்கூடத்தில் சிஸ்டமேட்டிக் எரர் என்று தினமும் மண்டையை உடைத்துக்கொள்வீர்களே, அதேதான்.

காற்றில் இது இன்னும் மோசம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் இந்தப் பாலக்காட்டுக் கணவாய் இருப்பதால்தான் இந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டிலும் அந்தப் பக்கம் பூளவாடி, பல்லடம் வரைக்கும் காற்றாலை நிற்கிறது. காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும். வேகத்தில் 10 சதவீதம் தப்பினால் மின்சாரத்தில் 33 சதவீதம் தப்பிவிடும். நாளைய மின்சாரத்தை 15 நிமிடத் துண்டுகளாக, ஒரு நாளைக்கு 96 துண்டு, முன்கூட்டியே சொல்ல வேண்டும். தப்பினால் பணம் கட்ட வேண்டும், அதைவிட முக்கியம், எங்கேயோ ஒரு நீர்மின் நிலையத்தில் யாரோ ஒருவர் அவசரமாக மதகைத் திறக்க வேண்டியிருக்கும்.

நான் ஒவ்வொரு கணிப்புக்கும் கீழே ஒரு பட்டை வரைந்துகொண்டிருந்தேன், இதற்கும் இதற்கும் நடுவில் இருக்கலாம் என்று. ஒருநாள் மீட்டிங்கில் மேலாளர், இந்தப் பட்டை எதற்கு மேடம், பார்ப்பவர்கள் நமக்குத் தெரியவில்லை என்று நினைப்பார்கள், ஒரே எண்ணாகப் போடுங்கள் என்றார். தெரியாததுதானே சார் என்றேன். சிரித்தார்கள். பட்டை டேஷ்போர்டில் இருந்து போய்விட்டது. அப்புறம் கிரிட்டில் உட்கார்ந்து மின்சாரத்தைப் பங்கிடுகிறவர்களே, எவ்வளவு மின்சாரத்தை ரிசர்வாக வைப்பது என்று தெரியவில்லை, அந்தப் பட்டையைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வந்துவிட்டது. இதை வெற்றி என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் வேறொரு மேலாளர் வந்து அதே கேள்வியைக் கேட்டார்.

உனக்கும் இது நடக்கும், அதனால்தான் சொல்கிறேன். நீ இப்போது இருக்கிற இடம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பார். ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூவில், அத்தனை பெரிய கருவியை வைத்துக்கொண்டு நீங்கள் உலகத்துக்குச் சொன்னது என்ன? 2022-இல் நியூட்ரினோ என்கிற அந்தக் குட்டித் துகளின் நிறை 0.8 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு) மேல் இருக்காது என்று சொன்னீர்கள். 2025-இல் 0.45-க்கு மேல் இருக்காது என்றீர்கள். அதுவும் 90 சதவீத நம்பிக்கையோடு. நிறை எவ்வளவு என்று இன்னும் சொல்லவே இல்லை, இதற்கு மேல் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள், அதை உலகமே ஒரு பெரிய முடிவாக எடுத்துக்கொண்டது. இதே வாக்கியத்தை ஒரு கம்பெனி மீட்டிங்கில் சொல்லிப் பார், அப்போ வேலை முடியலையா என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து பட்டையைத் தூக்கிவிடாதே. நான் கேட்பது அவ்வளவுதான்.

மிஷின் லேர்னிங் வேலை என்றாயே. எனக்கு அதில் ஆழமாகத் தெரியாவிட்டாலும் ஒன்று தெரியும், தரவு நிறைய இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. ஏறி இறங்குகிற பிழை சரியாகும். சாய்ந்த பிழை ஆகாது. 2011-இல் ஜெனீவாவில் இருந்து இத்தாலிக்கு 730 கிலோமீட்டர் போன நியூட்ரினோக்கள் ஒளியை முந்தி 60 நானோ விநாடி முன்னால் வந்துவிட்டன என்று ஓபரா என்ற ஆய்வுக் குழு அறிவித்ததே, நீ அப்போது சின்னப் பெண், டிவியில் ஐன்ஸ்டைன் தோற்றார் என்று ஓடியது. அவர்களிடம் ஆயிரக்கணக்கான நியூட்ரினோ கணக்கில் இருந்தது, ஏறி இறங்குகிற பிழை ரொம்பச் சின்னது. ஆனால் கடைசியில் என்ன? ஒரு ஆப்டிக்கல் ஃபைபர் கேபிள் சரியாக இறுகாமல் இருந்தது, அவ்வளவுதான். இன்னும் பத்து மடங்கு தரவு சேர்த்திருந்தாலும் அந்தக் கேபிள் தானாக இறுகியிருக்காது. நிறைய பேர் அந்தக் குழுவைக் கேலி செய்தார்கள், எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான் கூடியது. எங்களுக்கே நம்ப முடியவில்லை, எங்கே தப்பு என்று நீங்களும் பாருங்கள் என்று சொல்லித்தான் அறிவித்தார்கள், தேடினார்கள், கிடைத்ததையும் வெளியே சொன்னார்கள்.

எங்கள் கேபிளைக் கண்டுபிடித்தது நான் இல்லை, ஒரு வாட்ச்மேன். பூளவாடிப் பக்கம், கிண்ணங்கள் சுற்றிக் காற்றை அளக்கிற ஒரு கம்பத்தில் இருந்து வந்த காற்று வேகம் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருந்தது, மென்பொருளும் அந்த இடத்துக் காற்றே அப்படித்தான் என்று கற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது. நேரில் போனபோது அந்த அண்ணன் கையைக் காட்டி, "ஏனுங்க, அந்தக் கிண்ணம் மட்டும் சோம்பேறியாச் சுத்துதுங்க, ரொம்ப நாளா" என்றார். பேரிங்கில் தூசி. அவரிடம் அதுவரை யாரும் கேட்டதே இல்லை. இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, எந்தத் துறைக்குள் போனாலும் இரண்டு சமன்பாட்டில் முடித்துவிடலாம் என்று நினைப்போம். நீ புது இடத்தில் சேர்ந்ததும் முதல் வாரத்திலேயே, இந்தத் தரவை யார் கையால் சேர்த்தார்கள் என்று கேட்டு அந்த ஆளைப் போய்ப் பார். ஆடம்பரமான ஆளாக இருக்க மாட்டார்.

தொழில்நுட்ப வேலை எனக்குக் கற்றுக் கொடுத்ததும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆய்வில் முடிவு தள்ளிப்போனால் தள்ளிப்போகும், இங்கே நாளைக் காலை யாரோ ஒருவர் அந்த எண்ணை நம்பி ஒரு பொத்தானை அழுத்துவார். அரைகுறைப் பதிலானாலும் நேரத்துக்குக் கொடுத்தாக வேண்டும், எவ்வளவு அரைகுறை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு இது பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும்.

உன் வருத்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன், நீ சொல்லவில்லை. கோலார் தங்கவயலில் நம் ஜனங்கள் தோண்டிய சுரங்கத்துக்குள், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, 1965-இல் காஸ்மிக் கதிரால் உண்டாகும் நியூட்ரினோவைப் பிடித்தார்கள் என்று சொன்ன நாளில் இருந்து உனக்கு இந்தப் பைத்தியம். அப்புறம் தேனிப் பக்கம் பொட்டிப்புரத்தில் 50,000 டன் இரும்பை மலைக்குள் வைத்து ஆய்வுக்கூடம் வரும், அங்கே வேலை செய்வேன், வீட்டுக்கு பஸ்ஸிலேயே வந்துவிடலாம் என்றாய். 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது, இன்னும் கட்டவில்லை. அந்த ஊர்க்காரர்களின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், கேட்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி நாம் சரியாகப் பேசவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதற்காக நீ குற்ற உணர்ச்சியில் வாட வேண்டியதில்லை.

அப்பா விஷயம் ஒன்று. பிரஷர் மிஷின் வாங்கி அனுப்பினாயே, தினமும் காலையில் மூன்று தடவை அளந்து அதில் குறைந்ததை மட்டும் நோட்டில் எழுதி வைக்கிறார். ஏன் என்றால் மற்ற இரண்டும் மிஷின் கோளாறாம். டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு ரொம்ப நல்லா இருக்கு என்று பாராட்டியிருக்கிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார், நீ பேசும்போது மூன்றையும் எழுதச் சொல்.

அப்புறம் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு இரண்டு விஷயம் கேட்டுக்கொள். சேருகிற தேதியை ஆய்வேடு சமர்ப்பித்த பிறகு வைக்க முடியுமா என்று கேள், முடியாது என்றால் வாரத்தில் ஒரு நாளாவது அதற்கு ஒதுக்கித் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கு, வாய்வார்த்தை போதாது. உன் கடைசி அத்தியாயத்தை எனக்கு அனுப்பு. படம் நான்கில் எரர் பார், அதே பட்டைதான், போட மறந்திருந்தாய், போன தடவையே சொன்னேன்.

அம்மா